மோதல் பகுதிகளில் உணவு உதவி: பொருளாகவா, பணமாகவா?

மோதலால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு உணவைப் பொருளாகக் கொடுப்பதா, பணமாகக் கொடுப்பதா என்ற கேள்விக்கு, அருகிலுள்ள சந்தையை நேரில் பார்க்காமல் விடை சொல்லக் கூடாது. கடைகள் திறந்திருந்து, விற்றுத் தீர்ந்த சரக்கை வியாபாரிகளால் மீண்டும் தருவிக்கவும் முடிகிறது என்றால், பணமே மேல் என்பது என் கருத்து. மாவா, மருந்தா, விதையா என்பதைக் குடும்பமே தீர்மானிக்கிறது. செலவாகும் தொகை உள்ளூர் வணிகத்திலேயே சுழல்வதால், நிவாரணத்தோடு மீளெழுச்சிக்கும் அது வித்திடுகிறது.

முற்றுகைக்குள் சிக்கிய ஊரில் நிலைமை தலைகீழ். சரக்கு வராத இடத்தில் பணம் விலையை ஏற்றுமே தவிர, அடுப்பை எரிய வைக்காது. பட்டினியைப் போர்முறையாகக் கையாள்வதை ஐ.நா. பாதுகாப்பு அவை 2018-இல் 2417-ஆம் தீர்மானத்தின் மூலம் கண்டித்திருந்தாலும், சாலைகள் மறிக்கப்படுவது நின்றபாடில்லை. அங்கே தானியம், பருப்பு, எண்ணெய், அயோடின் உப்பு ஆகியவற்றை, ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரி என்ற திட்டமிடல் அளவை அடிப்படையாகக் கொண்டு பொருளாகவே கொண்டு சேர்க்க வேண்டும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, மூட்டையைத் தலையில் சுமந்து சோதனைச் சாவடியைக் கடக்கும் பெண் தூரத்திலிருந்தே கண்ணில் படுகிறாள். கைப்பேசிக்கு வரும் தொகை அப்படிப் படுவதில்லை. (அந்தக் கைப்பேசி வீட்டில் யார் கையில் இருக்கிறது என்பது வேறு கேள்வி.)

நடைமுறையில், விலை உயரும் பஞ்ச மாதங்களில் பொருளும், அறுவடை சந்தைக்கு வந்தபின் பணமும் என மாற்றிக் கொடுப்பதற்கு உதவித் திட்டத்தின் ஒப்பந்தத்திலேயே இடம் வைப்பது நல்லது.