கரைத்து வைப்பதா, அப்பப்போ கரைப்பதா?

கண்ணாடி உருக்கி ஒட்டும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி: "கரைச்ச கில்ன் வொஷ் எத்தனை நாளைக்கு இருக்கும்?" கில்ன் வொஷ் என்பது சூளைத் தட்டில் கண்ணாடி ஒட்டாமலிருக்கத் தண்ணீரில் கரைத்துப் பூசும் மா. அது இட்லி மா இல்லை, புளிக்காது. அலுமினா ஹைட்ரேட், கயோலின் களி என்ற இரண்டு கனிமங்கள்தான் அதில் முக்கியம். கண்ணாடி தட்டில் ஒட்டாமல் காப்பது அலுமினா. பூச்சைத் தட்டில் பிடித்து வைப்பது களி. கெட்டுப்போவது மா அல்ல, மாவுக்கும் தண்ணீருக்கும் உள்ள அளவு.

நான் எடுப்பது ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். கப்பிப்பால், அதாவது கடைசியாகப் பிழியும் தண்ணியான தேங்காய்ப்பால், பதம் வரவேண்டும். முதற்பால் மாதிரித் தடித்தால் தூரிகைக் கோடுகள் தட்டில் நிற்கும்; 800 பாகை செல்சியஸில் கண்ணாடி இளகும்போது அந்தக் கோடுகள் அடிப்பக்கத்தில் பதிந்துவிடும்.

கரைத்து மூடி வைப்பதில் பெரிய சுகம் நேரம். பெரிய குறை மண்டி. பரும்படியான அலுமினா முதலில் அடிக்கு இறங்கும், மேலே மிதப்பது பெரும்பாலும் களி. கலக்காமல் மேலால் தொட்டுப் பூசினால் வெள்ளையாகத்தான் தெரியும், ஆனால் கண்ணாடி தட்டைப் பிடித்துக்கொள்ளும். எனவே அடிவரை கலக்க வேண்டும், பூசும்போதும் இடைக்கிடை கலக்க வேண்டும். இன்னொன்று, சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் மூடி சரியாக இறுகாத போத்தலில் தண்ணீர் மளமளவென்று வற்றும். அதற்கு வழி சுலபம்: மார்க்கர் பேனையால் மட்டத்தில் ஒரு கோடு. வற்றினால் கோடு வரை தண்ணீர் விடலாம், மா அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் பூசி முடித்ததும் கோட்டைப் புது மட்டத்துக்கு இறக்க வேண்டும். இதை மறந்து நானே இரண்டு முறை கழனித்தண்ணி மாதிரி ஆக்கியிருக்கிறேன்.

அப்பப்போ கரைப்பவர்களுக்கு அளவு பிசகாது. மாதம் ஒருமுறை மட்டும் சூளை போடுகிறவருக்கு அதுவே நல்லது. ஆனால் ஒவ்வொரு முறையும் தூசி எழும்பும், முகக்கவசம் கட்டாயம். கரைத்த உடனே பூசினால் கட்டி கட்டியாக வரும். முதல்நாள் இரவே ஊறவைத்தால்தான் மணி மணியாய் இல்லாமல் இழையும். அப்படியென்றால் அதுவும் ஒருவகையில் "கரைத்து வைப்பது"தானே!

மூன்றாவது ஒரு கட்சி இருக்கிறது: காயவிட்டு, கேக் மாதிரி இறுகியதைத் திரும்ப ஊறவைப்பது. வேலை செய்யும். பழைய சேலைத்துணியில் வடித்தால் போதும். ஆனால் சூட்டில் வெந்த பூச்சைச் சுரண்டிப் போத்தலில் போடுவது வேறு கதை. சுமார் 600 பாகைக்குள் களி தன் உள்நீரை இழந்துவிடும், பிறகு பழைய பசை வராது. சிக்கனம் பார்த்து ஒருநாள் அப்படிச் செய்தேன். கண்ணாடியின் அடிப்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு அப்பியது போல் வந்தது.

போத்தல் விசயத்தில் என் வாக்கு அகன்ற வாய்க் கண்ணாடிப் போத்தலுக்கு, பிளாஸ்டிக் மூடியோடு. தகர மூடி துருப்பிடித்து உள்ளே உதிரும். ஐஸ்கிரீம் டப்பாவும் பரவாயில்லை, மண்டி மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

தண்ணீர்தான் எங்கள் ஊரில் தனிப் பிரச்சினை. காங்கேசன்துறைச் சீமெந்துக்குக் கல் கொடுத்த அதே சுண்ணக்கல் நிலம்தான் எங்கள் கிணறுகளுக்கும் அடியில். வன்மையான தண்ணீரால் பெரிய தீமை இல்லை. கல்சியம் களியை இளக்கமாகத் திரட்டுவதால் மண்டி கல்லாகாமல் கலக்க இலகுவாகக்கூட இருக்கும். உவர்நீரைத்தான் நான் தவிர்ப்பேன், காய்ச்சினாலும் உப்புப் போகாது. மாரியில் பிடித்த மழைநீர் ஒரு கலன் இருந்தால் வருடம் முழுக்கப் போதும்.

நாற்றம் வந்தால் பயப்பட வேண்டாம், அழுக்குத் தூரிகையின் வேலை அது; நாற்றம் சூளையில் எரிந்துவிடும். தூரிகை மயிர் விழுந்திருந்தால் வடித்துவிடுங்கள். கழிக்க நினைத்தால் மட்டும் சிங்கில் ஊற்றாதீர்கள். ஒருநாள் தெளியவிட்டு, தெளிந்ததை முற்றத்தில் ஊற்றி, மண்டியைக் காயவைத்துப் பையில் கட்டிப் போடுங்கள். குழாய் வளைவில் அது இறுகினால் கழற்றித்தான் எடுக்க வேண்டி வரும்.