தலைகீழ் ஏலத்தில் தார்ப்பாய் விற்ற அனுபவம்

மன்னார்குடியில் தார்ப்பாய் தயாரிக்கிறோம். பாலித்தீன் துணியை வாங்கி அளவுக்கு வெட்டி, ஓரம் மடித்து, வளையம் அடித்துக் கொடுப்பது தொழில். மத்திய அரசு 2016இல் தொடங்கிய ஜெம் மின்சந்தை வழியாகப் பல ஆண்டுகளாக அரசு அலுவலகங்களுக்கு விற்று வருகிறேன். விலையைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் குறைவாகக் கேட்டவர் ஆர்டரைப் பெறும் தலைகீழ் ஏலம் அங்கே எப்படி நடக்கிறது என்று தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துச் சிறு தொழில் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் எல்லோரும் விலைப்புள்ளி கொடுக்கிறோம். தகுதி பெற்றவர்களின் விலையைத் திறந்த பிறகு ஏலம் நடக்கும். அதிக விலை சொன்னவர் அதற்கு முன்பே வெளியேற்றப்படுவதும் உண்டு. திரையில் அப்போதைய குறைந்த விலை தெரியும். யார் கேட்டது என்று தெரியாது. கடைசி நேரத்தில் ஒருவர் விலையைக் குறைத்தால் ஏல நேரம் தானாக நீளும். டெண்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆள் நிறுத்தி உறை போடவிடாமல் தடுத்த காலத்தைப் பார்த்தவன் நான். கடையில் உட்கார்ந்தபடி பெரிய ஊர் ஆலைகளோடு போட்டி போட முடிகிறது என்பதற்காகவே இந்த முறையை மதிக்கிறேன்.

ஆனால் விலை எங்கே போய் நிற்கிறது என்பதை அறிவிப்பில் உள்ள விவரக்குறிப்புதான் தீர்மானிக்கிறது. சதுர மீட்டருக்கு 250 கிராம் பாயையும் 200 கிராம் பாயையும் மடித்து அடுக்கினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 6 மீட்டருக்கு 4 மீட்டர் பாயைத் தராசில் வைத்தால் ஒன்று 6 கிலோ, மற்றது 4.8 கிலோ. அளவையும் நிறத்தையும் மட்டும் எழுதிய ஏலங்களில், துணி விலைக்கும் கீழே கேட்பவர்கள் அந்த 1.2 கிலோவில்தான் ஈடுகட்டுகிறார்கள். குறுவை நெல் மூட்டைகள் வெட்டவெளியில் அடுக்கியிருக்கும்போது வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும் ஊர் இது. மெல்லிய பாயில் வளையம் இருக்கும் இடம்தான் முதலில் கிழியும். காற்று உள்ளே புகுந்து பாயைத் தூக்கிவிட்டால், மேலடுக்கு நெல் நனைந்து முளைத்துவிடும். தார்ப்பாய்க்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 7903ஐயும் எடையையும் தெளிவாகக் குறிப்பிட்ட ஏலங்களில் தோற்றபோது எனக்கு வருத்தமே வந்ததில்லை.

சிறு தொழிலுக்குச் சலுகை இல்லையா என்பார்கள். உண்டு. 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கைப்படி, குறைந்த விலை சொன்னது பெரிய நிறுவனமாக இருந்து, நம் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் இருந்தால், அதே விலைக்கு இறங்கி ஒரு பங்கு ஆர்டரைப் பெறலாம். வாங்கி விற்பவர்களுக்கு இது கிடையாது. அந்த அடிவிலையே கட்டாததாக இருந்தால் சலுகையால் என்ன பயன்?

பணம் பெரும்பாலும் ஒழுங்காக வருகிறது. ஓர் அலுவலகம் மட்டும் சரக்கை ஏற்றதற்கான சான்றைப் பதிவேற்றாமல் இழுத்தடித்தது. சான்று ஏறாமல் பணம் நகராது. புதிதாக வருகிறவர்கள் துணி, கூலி, லாரி வாடகை, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து அடக்க விலையை எழுதி வைத்துக்கொண்டு ஏலத்தில் உட்காருங்கள். அதற்குக் கீழே போனால் விட்டுவிடுங்கள். வாங்கும் அலுவலர்களிடம் நான் கேட்பது, அறிவிப்பில் எடையை எழுதுங்கள். சரக்கு வந்து இறங்கும்போது ஏதாவது ஒரு கட்டைப் பிரித்து ஒரு பாயைத் தராசில் வைத்துப் பாருங்கள்.