முட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய்

மகளுக்கு ஆறு வயது, தொய்வு (ஆஸ்துமா). பம்பை (இன்ஹேலரை) நேராக வாய்க்குள் அடித்தால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும் என்று டொக்டர் சொன்னதால், முகமூடி வைத்த ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் இடையில் பிடிக்கும் பிளாஸ்டிக் குழாய்) ஒன்றை யாழ்ப்பாண ரவுணில் ஒரு பாமசியில் வாங்கினேன். பம்பை ஒருதரம் அழுத்திவிட்டு, ஐந்தாறு மூச்சு இழுக்கவிட்டால் சரி. முந்தி நடுச்சாமத்தில் ஓட்டோ பிடித்து, மருந்தைப் பனிபோல் ஆக்கி மூச்சில் ஏற்றும் நெபுலைசர் மெஷினுக்கு ஓடுவோம். லேசான முட்டுக்கு இதுவே போதும். (உதடு நீலித்தால் ஸ்பேசரோடு மினக்கெடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.)

அதோடு வந்த துண்டுப்பிரசுரத்தில் ஒரு சொல்கூடத் தமிழில் இல்லை, கடைக்காரரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கழுவிப்போட்டு துணியால் நன்றாகத் துடைத்தேன். அது பிழையாம்! துடைத்தால் நிலைமின் ஏறி மருந்து குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட வேண்டும்.

"எங்கடை காலத்திலை ஆருக்கு இருந்தது உதெல்லாம்?" என்கிறா அம்மம்மா. இருந்தது, 'சளிப்பிள்ளை' என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் மகளின் வகுப்பில் பம்போடு மூன்று பேர். என் வகுப்பில் ஒருவரும் இல்லை. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பல நாடுகளில் சிறுவர் தொய்வு கூடியது உண்மைதான், கண்டுபிடிப்பதும் கூடியது.

பள்ளிக்கூடத்தில் வைக்க இன்னொன்று வாங்கப்போகிறேன், வேறு கடையில்.