11,800 ரூபாய்க்கு நாலு சென்சார், அதில் ரெண்டு பொம்மை: ரிவர்ஸ் கேமரா மாட்டப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று சாயங்காலம் என் மகளின் மூணு சக்கர சைக்கிள் மேல் நானே வண்டியை ஏற்றிவிட்டேன். பாப்பா அதில் இல்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் இறங்கி, திண்ணையில் உட்கார்ந்திருந்த அவள் ஆயாவிடம் பொரி உருண்டை வாங்க ஓடியிருக்கிறாள். அந்தப் பொரி உருண்டைக்கு நான் கோயில் கட்ட வேண்டும். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வண்டியில் ரிவர்ஸ் கேமரா இருக்கிறது. பின் பம்பரில் நாலு சென்சார் இருக்கிறது. இருக்கிறது என்று நம்பித்தான் ரெண்டு மாதம் முன்பு 11,800 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். சைக்கிள் நொறுங்குகிற சத்தம் கேட்கிற வரைக்கும் ஒரு பீப் சத்தம்கூட வரவில்லை.

கடை தருமபுரி டவுனில், மெயின் ரோட்டில் இருக்கிற ஒரு கார் ஆக்சஸரீஸ் கடை. சீட் கவர், ஸ்பீக்கர், ஃபிலிம், எல்லாம் போடுகிறார்கள். பெயர் போடவில்லை. போட்டால் என்மேலேயே கேஸ் போடுகிறேன் என்று கிளம்புவார்கள். எந்தக் கடை என்பது முக்கியமும் இல்லை, இந்த வித்தையை எந்த ஊரில் வேண்டுமானாலும் செய்யலாம்.

நாங்கள் பாலக்கோடு பக்கம். வீட்டுக்கு முன்னால் களம், களத்தைத் தாண்டினால் சந்து. சந்தில் வண்டி திரும்பாது, தினமும் பின்னால் எடுத்துத்தான் ரோட்டுக்கு வர வேண்டும். வண்டி 2016 மாடல் ஏழு சீட்டர், போன வருஷம் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. 2019 ஜூலை 1-க்கு அப்புறம் தயாரான கார்களுக்குத்தான் நம் நாட்டில் பின்பக்க சென்சாரைக் கட்டாயம் ஆக்கினார்கள். என் வண்டி அதற்கு முந்தியது என்பதால் ஒன்றும் கிடையாது. முன்னால் இருந்தவர் பிள்ளையார் படம் மட்டும் ஒட்டி வைத்திருந்தார்.

ஆடி மாதம் முதல் வாரத்தில் ஒரு நாள் சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று களத்தில் வண்டிக்குப் பின்னால் ஒரு குடத்தை வைத்தேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு தம்பியை விட்டு அதைப் பின்னால் நகர்த்தச் சொன்னேன். இன்னும் தள்ளு, இன்னும் தள்ளு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நடுக் கண்ணாடியில் குடத்தின் வாய் தெரிந்தபோது தம்பி காலடி வைத்து அளந்தான், ஏறக்குறைய இருபது அடி. பாப்பா மண்ணில் குந்தி உட்கார்ந்தால் அந்தக் குடத்தை விடக் கொஞ்சம்தான் உயரம். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

அன்றைக்கு ராத்திரி அமெரிக்காவில் இருக்கிற சித்தப்பா மகனிடம் பேசும்போது இதைச் சொன்னேன். அங்கே 2002-இல் கேமரன் குல்பிரான்சன் என்கிற ரெண்டு வயதுப் பையன்மேல் அவன் அப்பாவே வீட்டு வாசலில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஏற்றிவிட்டாராம். அந்த அப்பா குழந்தை வைத்தியர். அந்தப் பையன் பேரிலேயே 2008-இல் சட்டம் வந்தது. ஆனால் எல்லாப் புதுக் கார்களிலும் கேமரா கட்டாயம் ஆக 2018 மே வரை இழுத்துவிட்டார்கள், பத்து வருஷம். வண்டிக்குப் பின்னால் பத்தடி அகலம், இருபதடி நீளம் உள்ள இடம் கேமராவில் தெரிய வேண்டும், ரிவர்ஸ் போட்ட ரெண்டு நொடிக்குள் படம் வர வேண்டும் என்பது விதி. இருபதடி என்று அவன் சொன்னதும் களத்தில் கிடந்த குடம்தான் ஞாபகம் வந்தது. இந்த ரெண்டு நொடியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வருகிறது.

சரி, ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போவதற்குள் கேமரா போட்டுவிடலாம் என்று கடைக்குப் போனேன். ஓனருக்கு என் வயதுதான் இருக்கும். உட்கார வைத்து டீ சொன்னார். குடத்துக் கதையை அவரிடமும் சொன்னேன். அவர் போனை எடுத்து அவருடைய மகள் படத்தைக் காட்டினார். பாப்பா வயதுதான், அதே மாதிரி ரெண்டு குடுமி. "குழந்த விஷயம்ணா. இதுல போய் நான் விளையாடுவனா? என் வண்டிக்கு என்ன போட்டனோ அதையே உங்களுக்கும் போடறேன்" என்றார். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். அதற்கு மேல் டப்பாவைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. ஸ்கிரீன், நைட் விஷன் கேமரா, நாலு சென்சார், ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து 13,000, எனக்காக 11,800. ஒரு வருஷம் வாரண்டி என்று வாயால் சொன்னார். பில் கேட்டேன். "பில் போட்டா வரி சேரும்ணா, எதுக்கு?" என்று ஒரு எஸ்டிமேட் துண்டில் தொகையை எழுதிக் கொடுத்தார். அதில் கடை பெயர்கூட இல்லை. ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று நானும் சந்தோஷமாக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். என்மேலும் தப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

முதல் நாளே ஒன்று உறுத்தியது. இடது பக்கம் நிற்கிற வேப்ப மரம் ஸ்கிரீனில் வலது பக்கம் தெரிந்தது. பின் கேமரா படம் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி திருப்பித்தான் காட்ட வேண்டும், அப்போதுதான் நடுக் கண்ணாடியில் பார்ப்பதும் ஸ்கிரீனில் பார்ப்பதும் ஒத்துப்போகும். போன் பண்ணிக் கேட்டேன். "ரெண்டு நாள்ல பழகிடும்ணா" என்று பதில். பழகிவிட்டது என்பதுதான் கொடுமை. இடது வலதாகத் தெரிகிற கேமராவுக்கு மனுஷன் பழகிக்கொள்கிறான் பாருங்கள்.

அடுத்தது படம் வருகிற நேரம். ரிவர்ஸ் கியர் போட்டு ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினால் அஞ்சு சொல்லும்போதுதான் படம் வரும். அவசரத்தில் இருக்கிறவன் அஞ்சு எண்ணுகிற வரைக்கும் காலை பிரேக்கில் வைத்திருப்பானா? அதற்குள் வண்டி நாலடி வந்திருக்கும்.

ஆவணியில் ரெண்டு நாள் மழை பெய்தது. கேமரா லென்ஸுக்கு உள்ளே ஆவி படிந்து, காலையில் பனிமூட்டத்தில் தொப்பூர் கணவாய் பார்ப்பது போல் ஆகிவிட்டது. அப்புறம் ஸ்கிரீன் முழுக்க நீலம். வாட்டர் ப்ரூஃப் என்றார்கள். போன் பண்ணினேன்.

"டெக்னீஷியன் ஓசூர் போயிருக்கார்ணா, வந்ததும் கூப்பிடறேன்." கூப்பிடவில்லை. ஒரு வாரம் கழித்து நான் கூப்பிட்டேன். "கம்பெனி ஆள் சேலத்துல இருந்து வரணும்." அடுத்த வாரம் நேரிலேயே போனேன். பாலக்கோட்டில் இருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்தவனை ஒன்றரை மணி நேரம் வெளியே நிற்க வைத்து, "இன்னிக்கி ரஷ்ஷுணா, முகூர்த்த நாளு" என்றார்கள். கல்யாண வண்டிக்குப் பூ ஒட்டுகிற நேரமாம். வாட்ஸ்அப்பில் நீலத் திரையைப் படம் எடுத்து அனுப்பினேன். ரெண்டு நீல டிக் விழுந்தது. அவ்வளவுதான்.

கேமரா போனால் போகட்டும், சென்சார் இருக்கிறதே, சத்தம் வருகிறதே என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் வரத்தான் செய்தது. மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனால் கத்தும், வைக்கோல் போர்ப் பக்கம் போனால் கத்தும். ரெண்டும் இடது கைப் பக்கம். வலது பக்கம் அது ஒரு நாளும் கத்தியதில்லை என்பது நேற்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சைக்கிள் கிடந்தது வலது பக்கம்.

இன்று காலையில் எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியை விட்டேன். வயதானவர், அதிகம் பேச மாட்டார். முக்காலி மேல் குடத்தை வைத்து ஒவ்வொரு சென்சாருக்கு நேராகவும் நிறுத்தி என்னை ரிவர்ஸ் கியர் போடச் சொன்னார். இடது ரெண்டும் கத்தியது. வலது ரெண்டும் ஊமை. பம்பரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இருந்தது ரெண்டு சென்சார் மட்டும் சொருகக்கூடிய சின்னப் பெட்டி. மற்ற ரெண்டுக்கும் வயரை ஒரு சாண் விட்டு வெட்டி, இன்சுலேஷன் டேப் சுற்றி, பம்பருக்குள் செருகி வைத்திருந்தார்கள். ஓட்டை போட்டு, வெள்ளை பெயிண்ட் அடித்து, அழகாக ஒட்டிய ரெண்டு பொம்மை. அதற்கும் சேர்த்துத்தான் 11,800.

கேமரா வயரில் சின்ன வளையம் ஒன்று தொங்கியது. அதை வெட்டினால் படம் இடம் வலம் மாறிவிடும், முன்பக்கம் மாட்டினால் ஒரு மாதிரி, பின்பக்கம் மாட்டினால் ஒரு மாதிரி வைத்துக்கொள்ளத்தான் அந்த வளையம் என்றார். ஒரு நிமிஷ வேலை. அதைச் செய்யாமல்தான் என்னைப் பழகிக்கொள்ளச் சொன்னார்கள். ரிவர்ஸ் லைட்டில் இருந்து கரண்ட் எடுத்த இடத்தில் வெறும் முறுக்கல், சாலிடரும் இல்லை, கப்ளரும் இல்லை, ஃபியூஸும் இல்லை. "தீப்பிடிக்காம இருந்ததே பெருசு" என்றார் பெரியவர். 600 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் கடைக்குப் போன் போட்டேன். ரெண்டு சென்சாரில் வயரே இல்லையே என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் குரல் மாறிவிட்டது. "வேற ஆள விட்டு பம்பர கழட்டிட்டீங்க இல்ல? வாரண்டி போச்சு. அவர்தான் வயர வெட்டியிருப்பாரு. உங்க வண்டியும் பழசு." சரி, பணத்தையாவது கொடுங்கள் என்றேன். "பில்லு இருக்கா?" என்று கேட்டார். பில் வேண்டாம் என்று சொன்ன அதே வாய். அவர் போனில் இருந்த குழந்தை படத்தை ஞாபகப்படுத்தினேன். லைனை வைத்துவிட்டார்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக முறைதான். தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் கொடுத்த பணம் அஞ்சு லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் வழக்குப் போடக் கட்டணம் கிடையாது. பணம் கொடுப்பதற்கு முன்னால், கடை வாசலிலேயே, ஒவ்வொரு சென்சாருக்கு நேராகவும் ஆளையோ பொருளையோ தனித்தனியாக நிறுத்திச் சோதியுங்கள். சென்சார் வயர்கள் போய்ச் சேருகிற சின்னப் பெட்டியில் எத்தனை வயர் சொருகியிருக்கிறது என்று எண்ணுங்கள். படம் ரெண்டு நொடிக்குள் வருகிறதா பாருங்கள்.

சென்சார் நாலும் வேலை செய்தாலும் அதையே நம்பி இருக்காதீர்கள். தாழ்வாகக் கிடக்கிற பொருளையும் ஒல்லியான கம்பியையும் அது விட்டுவிடும், குறுக்கே ஓடி வருகிற குழந்தையை அது சொல்வதற்குள் காரியம் கெட்டுவிடும். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு ஏறுங்கள். என் அப்பாவுக்கு 72 வயது, வண்டிக்கு நேர் பின்னால் துண்டை வீசிக்கொண்டு நின்று 'வா, வா' என்பார். அதையும் நிறுத்திவிட்டேன். இப்படிப் பின்னால் எடுக்கிற வண்டியில் அடிபட்டு அமெரிக்காவில் வருஷத்துக்குச் சுமார் 210 பேர் சாவதாக அந்த நாட்டு அரசு கணக்குப் போட்டது. அதில் 31 சதவீதம் அஞ்சு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள், 26 சதவீதம் எழுபதும் அதற்கு மேலும் ஆனவர்கள். அப்பா இனிமேல் திண்ணையில் பாப்பாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

11,800 ரூபாய். மூணு பெட்டி தக்காளி விற்று வந்த காசு இல்லை அது. நாளைக்கு அந்த ரெண்டு பொம்மையையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறேன், வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த என் மாமாவும் கூட வருகிறார். பாப்பா காலையில் இருந்து சைக்கிள் எங்கே, சைக்கிள் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மெக்கானிக் ஊருக்குப் போயிருக்கிறார், வந்ததும் கொடுத்துவிடுவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.