சில வருஷமாகக் கையில் இருக்கும் சீன க்ரோனோகிராஃப்

சுங்க வரியெல்லாம் சேர்த்து இருபதாயிரத்துச் சொச்சம் ஆனது. தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டிய வாட்ச். க்ரோனோகிராஃப் என்றால் ஸ்டாப்வாட்ச்சும் சேர்ந்த வாட்ச். உள்ளே ஓடுவது தியான்ஜினில் சீகல் ஆலை தயாரிக்கும் எஸ்டி19 என்ற மூவ்மென்ட், அதாவது வாட்சை ஓட்டும் உள்ளமைப்பு. ஸ்விட்சர்லாந்தின் வீனஸ் கம்பெனி தன் 175 மூவ்மென்டைச் செய்யும் இயந்திரங்களை 1960களின் தொடக்கத்தில் சீனாவுக்கு விற்றது. அவற்றை வைத்துச் சீன விமானப்படைக்காக வாட்ச் செய்தார்கள். அந்த வடிவமைப்பின் வழி வந்ததுதான் எஸ்டி19. இப்போது மாதச் சம்பளக்காரனுக்கும் கட்டுப்படியாகிறது. வடிவமைப்புச் செலவெல்லாம் எப்போதோ தீர்ந்த கணக்கு இல்லையா!

பின்மூடி கண்ணாடி என்பதால் வேடிக்கை பார்க்கலாம். மேல் பொத்தானை அழுத்தினால், குட்டித் தூண்கள் நிற்கும் ஒரு சக்கரம் ஒரு படி திரும்பும். தூணில் சாய்ந்திருந்த நெம்புகோலின் மூக்கு இடைவெளிக்குள் விழும். உடனே பக்கத்துப் பல்சக்கரம் நகர்ந்து வந்து நடுச் சக்கரத்தைக் கவ்வும், ஸ்டாப்வாட்ச்சின் பெரிய முள் லேசாகத் துள்ளிக் கிளம்பும். தூண் சக்கரத்துக்குப் பதில் கேம் (மேடுபள்ளமாக வெட்டிய தகடு) வைத்தால் செய்வது சுலபம், செலவும் குறைவு. அதனால்தான் இந்த விலையில் இது கிடைப்பது ஆச்சரியம். முட்டை வேகவைக்கத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறேன், அது வேறு விஷயம்.

நேரம்? நாளைக்குப் பத்துப் பதினைந்து விநாடி முந்தும். எனக்குப் பரவாயில்லை.

சென்னைக்கு இது தோதான வாட்ச் இல்லை. மே மாத வியர்வையில் தோல் வார் நாறிப்போனது, நைலானுக்கு மாறிவிட்டேன். ஐப்பசி மழையில் ஒருமுறை வண்டியில் போனதற்கே கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிட்டது. அக்ரிலிக் கண்ணாடி சீக்கிரம் கீறும், ஆனால் பற்பசை போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும்.

உண்மையான தலைவலி சர்வீஸ். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடையில் திறந்தே பார்க்கவில்லை. பாரிமுனையில் ஒரு பெரியவர் லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு, "மெஷின் நல்ல மெஷின்தான் தம்பி. ஆனா ஸ்பேர் கிடைக்காது, நீங்கதான் வரவழைக்கணும்" என்றார். சுத்தம் செய்து எண்ணெய் போட அவர் கேட்டது வாட்ச் விலையில் கால்வாசி. கேட்டது நியாயம்தான், சாதா வாட்சைவிட இதில் உறுப்புகள் மிக அதிகம். வாங்கும் விலை இறங்கிய அளவுக்குப் பிரித்துப் பூட்டும் கூலி இறங்காது. வாங்குகிறவர்கள் அந்தப் பணத்தையும் இப்போதே ஒதுக்கி வையுங்கள். முடிந்தால் ஒரு உபரி மூவ்மென்டும் வாங்கிப் போடுங்கள்.