எல்லை தாண்டும் அதிவேக ரயில்களில் வைஃபை: ஒரு பயணியின் நெடுநாள் அனுபவம்

பெரியமேட்டில் தோல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பணியாற்றும் நான், மேற்கு ஐரோப்பாவில் நாடு விட்டு நாடு ஓடும் அதிவேக ரயில்களில் சில ஆண்டுகளாகவே பயணித்து வருகிறேன். வாடிக்கையாளர் சொல்லும் திருத்தங்களை அன்றே சென்னைக்கு அனுப்பியாக வேண்டும் என்பதால், ரயிலின் வைஃபை எனக்கு வேலைக்கான கருவி.

மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் அது பெரும்பாலும் கைகொடுக்கிறது; வீடியோ அழைப்புக்கு நம்ப முடியாது. கைப்பேசியில் வைஃபை குறி முழுதாகத் தெரியும், அனுப்பிய கோப்போ பாதியில் நின்றுவிடும். அந்தக் குறி, பெட்டிக்குள் இருக்கும் கருவியோடு நமக்குள்ள தொடர்பை மட்டுமே காட்டுகிறது. ரயிலுக்கும் வெளியே உள்ள கோபுரங்களுக்கும் இடையிலான தொடர்பு வேறு.

சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பெட்டியின் உலோக உடலும், வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடியும் சிக்னலை வெகுவாகக் குறைத்துவிடுவதால், கூரையில் ஆன்டெனாக்களைப் பொருத்தி, பல நிறுவனங்களின் சிம்களை ஒரே கருவியில் சேர்த்து, கிடைப்பதைப் பயணிகள் அனைவருக்கும் பங்கிடுகிறார்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "பொட்டி கட்டும்போதே கூரையில கேபிளுக்கு வழி வுட்டுடணும்பா, அப்புறமா ஓட்டை போட்டா மழைத்தண்ணி எறங்கும்" என்றார்.

மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் ரயில் நொடிக்கு 83 மீட்டர் ஓடுகிறது, 2 கி.மீ. தூரம் வரை எட்டும் கோபுரத்தின் வீச்சைக்கூட ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். நாட்டு எல்லையில் நிலைமை இன்னும் கடினம்: சிம்கள் மறுநாட்டு நெட்வொர்க்கில் புதிதாகப் பதிவாக வேண்டும். தரையிலுள்ள ஒரு சர்வர் வழியாகவே எல்லா இணைப்புகளும் செல்லுமாறு அமைத்தால், ரயிலில் சிம் மாறினாலும் பயணியின் தொடர்பு பிழைத்துக்கொள்ளும். அவ்வாறு அமைக்காத ரயிலொன்றில், எல்லை தாண்டியதும் மறுபடியும் உள்நுழைய வேண்டியதாகி, அலுவலகக் கணினிகளோடு பாதுகாப்பாக இணைக்கும் வி.பி.என். ஒவ்வொரு முறையும் அறுந்தது.

பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் நகரங்களை இணைத்து ஓடிய தாலிஸ் ரயில்கள் 2008-லேயே செயற்கைக்கோளையும் கைப்பேசி நெட்வொர்க்கையும் இணைத்து இச்சேவையைத் தொடங்கின. நம் ஹவுரா ராஜதானியில் செயற்கைக்கோள் வழியாகச் சோதித்த திட்டமோ, செலவுக்கேற்ற பயன் இல்லை என்று கைவிடப்பட்டதாக 2021-இல் மக்களவையில் தெரிவிக்கப்பட்டது.

ஜெர்மனியில் சில ரயில்களின் கண்ணாடிப் பூச்சில் லேசரால் நுண்கோடுகள் இட்டு, சிக்னலை நேரடியாக உள்ளே விடுகிறார்கள். என் அனுபவத்தில் மிகுந்த பயன் தருவது இதுவே. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் முதல் ரோமிங் கூடுதல் கட்டணம் நீக்கப்பட்டுள்ளதால், அங்கு வாங்கிய சிம்மின் ஹாட்ஸ்பாட்டை அத்தகைய பெட்டிகளில் பயன்படுத்துகிறேன். மற்ற ரயில்களில் பெரிய கோப்புகளை நிலையத்திலேயே அனுப்பிவிட்டு ஏறுகிறேன்.