பின்தோட்டத்து ஸ்லாப் தளம்: சில மழைக்காலம் கடந்தபின் எது நிற்கிறது, எது பெயர்கிறது

கான்கிரீட் ஸ்லாப் தளம் எப்படி உழைக்கிறது என்பதைப் போட்டு முடித்த வாரத்தில் சொல்ல முடியாது. இரண்டு மூன்று மழைக்காலமாவது அதன்மேல் போக வேண்டும். அப்போதும் அசையாமல் கிடக்கும் தளத்தையும், மிதித்தால் ஆடும் தளத்தையும் பெயர்த்துப் பார்த்தால், கல் பெரும்பாலும் ஒரே தரமாகத்தான் இருக்கும். அடியில் செய்த வேலைதான் வேறு.

அதிகம் கேட்கும் புகார், கல் ஆடுகிறது என்பது. நான்கு மூலைக்கும் நடுவுக்கும் ஒவ்வொரு கரணை கலவை வைத்து, மேலே கல்லை அமுக்கி மட்டம் பார்த்துவிடும் பழக்கம்தான் இதற்குப் பெரும்பாலும் காரணம். வேலை வேகமாக நடக்கும், கலவையும் மிச்சமாகும். அப்படிப் பதித்த கல்லைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் ஐந்து வட்டத் தழும்பு மட்டும் இருக்கும். மற்ற இடத்தில் எறும்பு தள்ளிய மண்ணோ தேங்கிய ஈரமோதான் இருக்கும். கனமான பூந்தொட்டி அந்த வெற்றிடத்துக்கு நேர் மேலே வந்தால் கல் குறுக்கே விரிசல் விடும். ஈரம் உறிஞ்சும் கல்லாக இருந்தால் மழை விட்டுக் காயும்போது அந்த ஐந்து இடமும் மேற்பரப்பிலேயே திட்டுத் திட்டாகத் தெரியும்.

வெறும் மணல்மேல் பதிப்பதும் பெரிய கல்லுக்குச் சரிவராது. 600×600×40 மிமீ கான்கிரீட் ஸ்லாப் ஒன்று ஏறத்தாழ 33 கிலோ. இந்தக் கனத்துக்கு அது தானாகவே அசையாது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இடுக்கு வழியாக இறங்கும் நீர் மணலை அரித்துக்கொண்டே போகும், மூலைகள் ஒவ்வொன்றாக இறங்கும். ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் சிறிய பேவர் பிளாக்குக்கு, அதுவும் ஓரங்களை இறுக்கிக் கட்டியிருந்தால், மணல் படுக்கை போதும். ஸ்லாப்புக்கு முழுப் பரப்பிலும் 30 முதல் 50 மிமீ கலவைப் படுக்கைதான் வேண்டும்: சிமென்ட் ஒரு பங்கு, பருமணல் ஐந்து பங்கு. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. கல்லின் அடிப்பக்கத்துக்குக் கெட்டியான சிமென்ட் பால் தடவிவிட்டு உடனே பதித்தால் கல்லும் கலவையும் ஒட்டிக்கொள்ளும். இதைத் தவிர்த்துவிட்டால், பாரமான கலவை கீழே இருந்தும் கல் தனியாகக் கழன்று நிற்கும். கலவை இறுகியபின் சுத்தியலின் மரப்பிடியால் தட்டிப் பாருங்கள். கெட்டிச் சத்தம் வந்தால் நல்லது, பொள்ளல் சத்தம் வந்தால் அடியில் காற்று இருக்கிறது.

படுக்கைக்கும் கீழே, மண் வேலை. வேரும் மக்கும் உள்ள மேல்மண்ணை ஒட்ட எடுத்துவிட வேண்டும், அது மக்க மக்கச் சுருங்கும். கல் 40, கலவை 40, ஜல்லி 100 என்று மொத்தம் 180 மிமீ தோண்ட வேண்டும். களிமண்ணாக இருந்தால் ஜல்லி 150 ஆகிவிடும், தோண்டுவது 230. தளத்தின் மேல்மட்டம் சுவரின் ஈரத்தடுப்புப் பட்டைக்கு (மண் ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கு) 150 மிமீ கீழே இருக்க வேண்டும் என்பதால் இந்தக் கணக்கை மேலிருந்து கீழே போட வேண்டும்.

மிகவும் ஏமாற்றும் இடம் வீட்டுச் சுவரை ஒட்டியதுதான். அஸ்திவாரத்துக்குத் தோண்டி, பிறகு தளர்வாகத் தள்ளி மூடிய மண் அங்கே இருக்கும். அது மெல்ல அமரும்போது கற்கள் சுவர்ப் பக்கம் சாய்ந்து, வெளியே போக வேண்டிய நீர் சுவருக்கே திரும்பும். கழிவுநீர்க் குழாய் போன தடமும் இப்படித்தான். இரும்புக் கம்பியைக் குத்திப் பார்த்து, சுலபமாக இறங்கும் இடங்களைத் தோண்டி, படிப்படியாக நிரப்பித் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கிய பிறகே மேலே போக வேண்டும்.

ஜல்லி 40 மிமீயிலிருந்து தூள் வரை கலந்ததாக இருக்கட்டும். ஒரே அளவு ஜல்லியில் இடைவெளி மிஞ்சும், மேலே போடும் கலவை அதற்குள் இறங்கிப்போகும். லேசாக நனைத்து, 75 மிமீக்கு மேல் போகாத அடுக்குகளாகப் பிளேட் வைப்ரேட்டரால் (தட்டு அதிர்ந்து மண்ணை அமுக்கும் இயந்திரம்) இறுக்க வேண்டும். 20 சதுர மீட்டருக்கு 100 மிமீ ஜல்லி என்றால் இறுகியபின் 2 கன மீட்டர், வாங்கும்போது 2.5 வேண்டும். அதே பரப்புக்கு 40 மிமீ கலவை 0.8 கன மீட்டர், அதற்கு 50 கிலோ சிமென்ட் மூட்டை ஐந்து.

வாட்டம் மீட்டருக்கு 15 மிமீ, வீட்டை விட்டு வெளிப்பக்கம். 4 மீட்டர் அகலத் தளத்துக்கு 60 மிமீ இறக்கம். இந்த வாட்டத்தை ஜல்லி மட்டத்திலேயே கொண்டுவந்துவிட வேண்டும். கலவையை ஒரு பக்கம் தடிமனாகப் போட்டுச் சரிக்கட்டினால் சீராக இறுகாது. நூல் கட்டி, 3-4-5 அளவில் (பக்கங்கள் 3, 4 என்றால் குறுக்களவு 5 வந்தால் மூலை செங்கோணம்) மூலை பார்த்து, சுவர் ஓரத்திலிருந்து தொடங்கலாம். வெட்டு விழும் இடத்தில் கல்லின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த துண்டு வராதபடி முதலிலேயே பரப்பிப் பார்ப்பது நல்லது, குறுகிய துண்டுதான் முதலில் பெயரும். கிரைண்டரில் வெட்டும்போது நீர் ஊற்றுங்கள், சரியான முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும்.

கல்லிடுக்கு 10 மிமீ. பதித்த கல்லை ஒருநாள் மிதிக்காமல் விட்டு, பிறகு 1:4 கலவையை இடுக்கின் அடிவரை குத்தி நிரப்ப வேண்டும். உலர் கலவையைத் துடைப்பத்தால் தள்ளி நீர் தெளிக்கும் வழி சீக்கிரமே உதிரும், ஏனெனில் மேல் ஓடு மட்டும் இறுகி, உள்ளே பொடியாகவே கிடக்கும்.

முதல் சில மாதம் வெள்ளையாக உப்புப் பூப்பது சாதாரணம், மழையில் மெல்லப் போய்விடும். அதற்காக ஆசிட் ஊற்றக் கூடாது. அது கான்கிரீட்டையே அரிக்கும். பாசி பிடித்தால் விறைப்பான துடைப்பமே போதும். உயர் அழுத்த நீர்க் கருவியை இடுக்குக்கு நேராகப் பிடித்தால் பாய்ண்டிங் (இடுக்கில் நிரப்பிய கலவை) பெயர்ந்து வரும், சாய்த்துப் பிடியுங்கள்.

ஒரு கல் மட்டும் இறங்கிவிட்டால், அதைச் சுற்றியுள்ள இடுக்கை முதலில் வெட்டி எடுத்துவிட்டுத் தூக்குங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் கல்லின் விளிம்பு உடையும். அடியில் உள்ள பழைய கலவை முழுவதையும் கொத்தி எடுத்து, ஜல்லி தளர்ந்திருந்தால் இறுக்கிவிட்டுப் புதுப் படுக்கை போட வேண்டும். பழைய கலவையின் மேலேயே கொஞ்சம் பூசிப் பதித்தால், அந்த மெல்லிய பூச்சு சில மாதத்தில் நொறுங்கி, கல் மறுபடி ஆடத் தொடங்கும்.